குண்டாக இருக்கிறேனே, குழந்தை நல்லபடியாகப் பிறக்குமா?

எதிர்பாராமல் கர்ப்பமான இளம் மனைவியின் கவலையும், அதற்குப் பதிலும்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடை. அங்கே கணக்கு எழுதுகிறாள் ஓர் இளம் பெண். வயது 24. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. கணவன் ஜவுளி மூட்டை ஏற்றும் வேன் ஓட்டுகிறான்.

"இரண்டு வருஷம் போகட்டும். கடனை அடைத்துவிடுவோம். பிறகு பிள்ளை பெற்றுக் கொள்ளலாம்" என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் அவளுக்குக் குமட்டியது. காப்பி வாசனையே பிடிக்கவில்லை. மறுநாளும் அப்படியே. மருந்துக் கடையில் சோதனை அட்டை வாங்கி வந்தாள். சிறுநீர் விட்டுப் பார்த்தாள்.

இரண்டு கோடுகள் தெரிந்தன!

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? அவளுக்கே தெரியவில்லை.

பயத்துக்குக் காரணம் பணம் மட்டும் அல்ல. அவள் உடம்பு பெருத்தவள். உயரம் 155 சென்டிமீட்டர். எடை 82 கிலோ. "இந்த உடம்புக்குப் பிள்ளை தங்குமா?" என்று உறவுக்காரப் பெண்கள் அவள் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அதை நம்பித்தான் அவளும் அசட்டையாக இருந்துவிட்டாள்.

இது ஒருத்தியின் கதை அல்ல. இப்படிப்பட்ட பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்ய வேண்டும்? எதற்குப் பயப்பட வேண்டும்? எதற்குப் பயப்பட வேண்டாம்?

மூன்று வாரம் மறைத்தாள்

அந்தப் பெண் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

ஏன்? எடை பார்க்கும் எந்திரம்தான் காரணம். "எல்லோர் முன்னாலும் அதில் ஏறி நிற்க வேண்டும். நர்சு எடையைச் சத்தமாகச் சொல்லுவாள். டாக்டர் திட்டுவார்" என்று நினைத்தாள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது.

மாமியார் கண்டுபிடித்துவிட்டாள். தாளிக்கும்போதெல்லாம் மருமகள் கொல்லைப் பக்கம் ஓடுவதைப் பார்த்தாள்.

"என்ன கண்ணு, நாள் தள்ளிப் போயிருக்கிறதா?"

"ஆமாம் அத்தை. ஆனால் எனக்கு எப்போதுமே இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளித்தான் வரும். எத்தனை மாதம் என்றே தெரியவில்லை."

சொல்லிவிட்டு அழுதாள்.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பு பெருத்த பெண்களில் பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பதும் ஒரு காரணம். ஒழுங்காக வராவிட்டால், கர்ப்பமே தரிக்காது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கர்ப்பம் தரிக்கத் தாமதமாகலாம். ஆனால் எந்த மாதத்திலும் தரிக்கலாம். இப்போது குழந்தை வேண்டாம் என்று நினைப்பவர்கள், குண்டாக இருந்தாலும், தடுப்பு முறையைக் கையாளத்தான் வேண்டும்.

வேண்டுமா, வேண்டாமா?

அன்று இரவு கணவனிடம் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடன் இருக்கட்டும். உன் மனசு என்ன சொல்கிறது?" என்று கேட்டான்.

அது நல்ல கேள்வி. எதிர்பாராத கர்ப்பத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

பெற்றுக் கொள்வதா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அந்தப் பெண். கருக்கலைப்புப் பற்றி 1971ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 2021இல் அது திருத்தப்பட்டது. சட்டத்தில் சொல்லியுள்ள காரணங்கள் இருந்தால், ஒரு டாக்டரின் கருத்தின்பேரில் 20 வாரம் வரை கலைக்கலாம். தடுப்பு முறை பலிக்காமல் போவதும் அந்தக் காரணங்களில் ஒன்று. 18 வயது நிரம்பிய பெண்ணாக இருந்தால், அவளுடைய சம்மதம் போதும். கணவனின் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

ஆனால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, வீட்டில் தானாகவே விழுங்கக் கூடாது. கரு கர்ப்பப்பையில் இல்லாமல், குழாயில் தங்கியிருந்தால்? ரத்தப்போக்கு நிற்காவிட்டால்? உயிருக்கே ஆபத்து வரும். எந்த முடிவானாலும், முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் இரண்டு நாள் யோசித்தாள். "பெற்றுக் கொள்ளலாம்" என்றாள். மூன்றாம் நாள், மாமியாரும் மருமகளும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள்.

டாக்டரம்மா திட்டவில்லை!

எடை எந்திரத்தில் ஏறும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நர்சு எடையைச் சீட்டில் எழுதினாள். சத்தம் போடவில்லை.

டாக்டரம்மா ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். உயரம் 1.55 மீட்டர். 1.55ஐ 1.55ஆல் பெருக்கினால் சுமார் 2.4. எடையாகிய 82ஐ 2.4ஆல் வகுத்தால் 34 வருகிறது. இந்தியர்களுக்கு இந்த எண் 23க்குள் இருப்பது நல்லது. 25க்கு மேல் போனால் உடல் பருமன்.

"பயமாக இருக்கிறது டாக்டரம்மா. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?"

"உன்னைப் போன்றவர்களில் பெரும்பாலோர் நல்ல குழந்தை பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் உனக்குச் சில தொல்லைகள் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். முன்னாலேயே கண்டுபிடித்தால் சமாளித்துவிடலாம். அதற்குத்தான் சீக்கிரம் வர வேண்டும் என்கிறோம்."

என்ன தொல்லைகள்? ரத்தக் கொதிப்பு. கர்ப்பகாலச் சர்க்கரை நோய். காலில் ரத்தம் உறைதல். குழந்தை அளவுக்கு மேல் பெருத்துப் போதல். அதனால் ஆபரேஷன் தேவைப்படுதல். கரு கலைந்துபோகும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது. இவை எல்லாமே எல்லோருக்கும் வருவதில்லை. பலருக்கு ஒன்றுகூட வருவதில்லை.

"இளைக்க வேண்டும் என்று இப்போது பட்டினி கிடக்கக் கூடாது" என்றும் டாக்டரம்மா எச்சரித்தார். இளைப்பதற்காக மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால், அதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். தைராய்டு, வலிப்பு, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைத் தானாக நிறுத்தக் கூடாது. சிலவற்றை டாக்டர் மாற்றித் தருவார்.

கையைச் சுற்றும் பட்டை

ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் ஒரு பட்டை சுற்றுவார்கள் அல்லவா? அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கை பருமனாக இருந்து, பட்டை சிறியதாக இருந்தால், அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். இல்லாத கொதிப்பு இருப்பதுபோலத் தோன்றும். பருமனான கைக்குப் பெரிய பட்டை உண்டு. "பெரிய பட்டை போட்டுப் பாருங்கள், அம்மா" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

கொதிப்பு வரும் வாய்ப்பு அதிகம் உள்ள சிலருக்கு, டாக்டர் சிறிய அளவில் ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு. அதை டாக்டர்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஸ்கேன். எத்தனை மாதம் என்று தெரியாதவர்களுக்கு இது மிகவும் அவசியம். ஆரம்ப மாதங்களில் கருவின் நீளத்தை அளந்து, பிரசவ நாளைக் கணக்கிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது 11 வாரம் ஆகியிருந்தது!

18ஆம் வாரத்திலிருந்து 20ஆம் வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் எடுப்பார்கள். வயிற்றில் கொழுப்பு அதிகம் இருந்தால், படம் தெளிவாகத் தெரியாது. "இன்னொரு நாள் வாருங்கள்" என்று சொல்லலாம். குழந்தைக்கு ஏதோ குறை என்று அதற்கு அர்த்தம் அல்ல. மறுபடி பார்த்தால் தெரியும்.

பெயரைச் சுகாதார நர்சிடம் பதிவு செய்வதும் முக்கியம். 12 வாரத்துக்குள் பதிவு செய்வது நல்லது. ஏழைக் கர்ப்பிணிகளுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் இந்தப் பதிவு தேவை.

ஒரு தம்ளர் குளுக்கோஸ்

கர்ப்ப காலத்தில் மட்டும் சிலருக்குச் சர்க்கரை நோய் வருகிறது. வலி இருக்காது. அறிகுறியும் தெரியாமல் போகலாம். சோதனையில்தான் தெரியும்.

சோதனை எளிது. 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால், கர்ப்பகாலச் சர்க்கரை நோய். இந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம்!

இந்த எளிய முறை நாடெங்கும் பரவப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர், சென்னை டாக்டர் வி. சேஷையா. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் பிறந்த நாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். சரியாக இருந்தாலும், 24ஆம் வாரத்திலிருந்து 28ஆம் வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு முதல் சோதனை சரியாக இருந்தது. இரண்டாவது சோதனையில் 152 வந்துவிட்டது!

"என்னால்தானே குழந்தைக்கு இந்தக் கஷ்டம்?" என்று குமுறினாள்.

"அழுதால் சர்க்கரை குறையாது. சாப்பாட்டை மாற்றினால் குறையும்" என்றார் டாக்டரம்மா. இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார். "சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120க்குள் இருக்க வேண்டும். வராவிட்டால் மருந்து தருவேன். மருந்து எடுத்தாலும் அது உன் குற்றம் அல்ல."

"இரண்டு பேருக்குச் சாப்பிடு!"

சாப்பாட்டை மாற்றுவது சுலபமா? வீட்டில்தான் சண்டை வந்தது.

"வாயும் வயிறுமாக இருக்கிறாள். இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டாமா?" என்று பெரியவர்கள் தட்டில் சோற்றை அள்ளி வைத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஜிலேபி வந்தது. அத்தை வீட்டிலிருந்து அதிரசம் வந்தது.

அன்பு நல்லது. கணக்கு தவறு. முதல் மூன்று மாதம் கூடுதல் சாப்பாடே தேவையில்லை. பிறகு, நாளுக்குச் சுமார் 350 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டால் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு. இரண்டு இட்டலி, ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால். ஏறக்குறைய அவ்வளவுதான்! இன்னொரு ஆள் சாப்பாடு அல்ல. உடம்பு பெருத்தவர்களுக்கு அதுவும் வேண்டியிருக்காது.

எடை எவ்வளவு கூடலாம்? அமெரிக்க மருத்துவக் கழகம் 2009இல் ஒரு கணக்குச் சொன்னது. மேலே போட்ட கணக்கில் எண் 30க்கு மேல் வருபவர்களுக்குப் பிரசவம் வரை 5 முதல் 9 கிலோ வரை கூடினால் போதும். எண் 25 முதல் 30க்குள் இருந்தால் 7 முதல் 11.5 கிலோ வரை கூடலாம்.

மாமியார் ஒரு வழி கண்டுபிடித்தாள். தட்டில் பாதிக்குக் காய்கறியும் கீரையும் வைத்தாள். கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். காப்பியில் சர்க்கரை இல்லை. பழச்சாறுக்குப் பதில் ஒரு கொய்யா. மூன்று வேளைச் சாப்பாட்டைப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை ஆக்கினாள்.

ராகிக்களி தின்றால் சர்க்கரை ஏறாது என்று சிலர் நினைக்கிறார்கள். ராகிக்கும் அளவு உண்டு. குங்குமப்பூ தின்றால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதும் உண்மை அல்ல. அந்தக் காசுக்குக் கீரையும் முட்டையும் வாங்கலாம்.

கணவனும் தன் பங்கைச் செய்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வேனை நிறுத்திவிட்டு, மனைவியோடு நடந்தான். நாளுக்கு அரை மணி நேரம். மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே நடக்கிற வேகம். டாக்டர் வேண்டாம் என்று சொன்னாலொழிய, கர்ப்பிணிக்கு நடை நல்லது.

இரண்டு வாரம் கழித்துச் சோதித்தார்கள். 114! மருந்து தேவைப்படவில்லை.

வளைகாப்பில் கேட்ட சொல்

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. பெரிய அளவு வளையல் கொண்டுவரவில்லை. சின்ன வளையல் கையில் ஏறவில்லை. ஒருத்தி சிரித்தாள். "வயிறு எது, உடம்பு எது என்றே தெரியவில்லையே!" என்றாள் இன்னொருத்தி.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமியார் எழுந்தாள். "என் மருமகள் கையில் வளையல் ஏறாவிட்டால் வளையல் சின்னது. கை பெரியது அல்ல" என்றாள். பிறகு யாரும் பேசவில்லை.

இது வேடிக்கையான சம்பவமாகத் தோன்றலாம். ஆனால் விஷயம் பெரிது. கேலிக்குப் பயந்துதான் பல பெண்கள் ஆஸ்பத்திரிப் படி ஏறத் தயங்குகிறார்கள். கேலி பேசினால் உடம்பு இளைக்காது. சோதனைதான் தள்ளிப் போகும். கர்ப்பிணிக்கு ஓயாத அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பு இல்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

உடனே ஓட வேண்டிய நேரம்

கர்ப்பிணியும் வீட்டாரும் இவற்றை மனத்தில் வைக்க வேண்டும்:

கடுமையான தலைவலி. கண் மங்குதல். முகமும் கையும் திடீரென்று வீங்குதல். மேல் வயிற்றில் வலி. ரத்தப்போக்கு. பனிக்குடம் உடைதல். காய்ச்சல். மூச்சுத் திணறல். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல்.

குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே போக வேண்டும். "நீ குண்டு. அதனால் துடிப்பு தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உடம்பு பெருத்த தாய்க்கும் அசைவு தெரியும். தெரிந்துகொண்டிருந்த அசைவு குறைந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

பிரசவத்தை வீட்டிலோ, வசதி இல்லாத இடத்திலோ வைத்துக்கொள்ளக் கூடாது. ஆபரேஷன் வசதியும், மயக்க மருந்து டாக்டரும், ரத்தமும் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று எட்டாம் மாதமே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தை பிறந்தது!

39ஆம் வாரத்தில் அவளுக்கு வலி கண்டது. பல மணி நேரம் ஆகியும் பிரசவம் ஆகவில்லை. ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. "தோற்றுவிட்டேனே" என்றாள் அவள். "தாயும் பிள்ளையும் நலம். இதில் தோல்வி எங்கே வந்தது?" என்றார் டாக்டரம்மா.

மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க நடை வேண்டும். தையல் போட்ட இடத்தை ஈரம் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பால் சுரக்க மூன்று நாள் ஆயிற்று. "உடம்பில் கொழுப்பு. அதனால் பால் இல்லை. பால் பவுடர் வாங்கு" என்றாள் ஒரு கிழவி. நர்சு விடவில்லை. குழந்தையை அடிக்கடி மார்பில் வைக்கச் சொன்னாள். சாய்ந்து உட்கார்ந்து, தலையணை வைத்துப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தாள். நான்காம் நாள் குழந்தை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது.

ஆறு வாரம் கழித்து மறுபடி சர்க்கரை சோதனை செய்தார்கள். சரியாக இருந்தது. ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னால் நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகம். அதனால் அவள் சோதனையை விடக் கூடாது. அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டும். தடுப்பு முறையைப் பற்றியும் அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டாள். இளைப்பதற்கு இனிதான் நேரம்.

கர்ப்பத்தில் அவளுக்குக் கூடிய எடை 7 கிலோ. குழந்தையின் எடை 3 கிலோ 100 கிராம். பெண் குழந்தை!

எடை எந்திரத்தில் குழந்தையைப் படுக்க வைத்து நர்சு எடையைச் சத்தமாகச் சொன்னாள். இந்தத் தடவை அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. "இன்னொரு தரம் சொல்லுங்கள், அக்கா" என்று கேட்டாள்.

மறைத்த அந்த மூன்று வாரம் மூன்று மாதம் ஆகியிருந்தால்? அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் நடுங்குகிறது.

இளம் மனைவிகளே! உடம்பு பெருத்திருப்பது பாவம் அல்ல. எதிர்பாராமல் கர்ப்பமானது குற்றம் அல்ல. நாள் தள்ளிப் போனால், ஆஸ்பத்திரிக்குப் போவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்!